எந்தக் கோழி யாரோடு சேரும்?

புழக்கடையில் நாலு கோழி வளர்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரகம் நிறைய முட்டை போடும்?" என்றுதான். அடுத்தது விலை. அதற்கப்புறம் வீட்டில் ஆளுக்கொரு ஆசை எழும்பும். கருங்கோழி இரண்டு இருந்தால் நல்லது என்பார் ஒருவர். பெருவிடைச் சேவல் ஒன்று நின்றால் வாசலுக்கே கம்பீரம் என்பார் இன்னொருவர். பிள்ளைகளுக்குப் பஞ்சுபோல இருக்கும் சில்க்கி வேண்டும். சந்தையிலிருந்து திரும்பும்போது கூடையில் நாலைந்து ரகம் இருக்கும். மூன்றாம் மாதம் பார்த்தால் ஒன்றின் மண்டை ரத்தமாக இருக்கிறது, ஒன்று தீனித்தட்டுப் பக்கமே வருவதில்லை, ஒன்று பகலெல்லாம் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். நோய் இல்லை. இவை ஒன்றோடொன்று சேருமா என்ற கேள்வியைச் சந்தையில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கோழிகளுக்குள் மேல் கீழ் உண்டு என்பது வளர்த்த எல்லாருக்கும் தெரியும். யார் யாரைக் கொத்துகிறது என்று உட்கார்ந்து எண்ணிக் குறித்து அதை அறிவியலாக்கியவர் நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துவந்தவர். 1922-ல் ஜெர்மன் மொழியில் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்துதான் 'கொத்து வரிசை' என்ற கருத்து உலகெங்கும் பரவியது. ஒரு கூட்டத்தில் எந்த இரண்டு கோழிகளை எடுத்துக்கொண்டாலும் ஒன்று கொத்தும், மற்றது வாங்கிக்கொண்டு விலகும். இந்த உறவு திரும்பத் திரும்ப மாறுவதில்லை. சில சமயம் வரிசை நேர்க்கோடாகவும் இருக்காது. முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவதோ முதலாவதையே கொத்தும். இந்த முக்கோணத்தையும் அவர் அப்போதே குறித்துவைத்திருக்கிறார்.

இந்த வரிசையைக் கொடுமை என்று நினைக்கத் தேவையில்லை. அது கோழிகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் சமரச ஒப்பந்தம். வரிசை முடிவாகிவிட்டால் அப்புறம் சண்டை குறைந்துவிடும். மேலே இருப்பது கழுத்தைச் சற்று உயர்த்தினாலே போதும், கீழே இருப்பது ஒதுங்கிக்கொள்ளும். வரிசை முடிவாகாதபோதுதான் தினமும் அடிதடி. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து விட்டாலும், இருப்பதில் ஒன்று போய்விட்டாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே நாம் ரகம் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் இந்த ஒப்பந்தம் சீக்கிரம் முடியக்கூடிய ஆட்களைத் தேர்ந்தெடுப்பதுதான்.

ஒரு கோழி இன்னொன்றை எப்படி அடையாளம் காண்கிறது? அமெரிக்காவின் கான்சஸில் கோழிகளின் சமூக வாழ்க்கையை ஆராய்ந்த கூல் என்பவர் 1950-களில் ஒரு சோதனை செய்தார். பழகிய கூட்டத்தில் ஒரு கோழியின் தோற்றத்தை மாற்றி, இறகுக்குச் சாயம் பூசியோ கொண்டையின் வடிவத்தை மாற்றியோ, திரும்ப உள்ளே விட்டார். தலை, கழுத்து, கொண்டைப் பகுதியில் மாற்றம் செய்தபோது, கூடவே வளர்ந்த கோழிகளே அதை அந்நியனாக நினைத்துக் கொத்த வந்தன. உடலின் மற்ற பாகங்களில் செய்த மாற்றம் அவ்வளவாக உறைக்கவில்லை. கோழிக்குக் கோழி முகம்தான் அடையாளம். பின்னாளில் நடந்த வேறு ஆய்வுகளில், ஒரு கூட்டத்தில் சிலவற்றின் மேல் மட்டும் சாய அடையாளம் இட்டபோது, அந்தச் சிலதான் அதிகம் கொத்து வாங்கின. எல்லாவற்றுக்கும் அடையாளம் இட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வாங்கப் போகிறவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. எந்த ரகமானாலும் ஒற்றையாக வாங்காதீர்கள். ஏழு செவலைக் கோழிகளுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோழி, அல்லது ஆறு சாதாரணக் கோழிகளுக்கு நடுவே தலையில் இறகுக் கொத்தோடு ஒன்று என்றால், அது கொத்து வாங்குவதற்காகவே வந்ததுபோல ஆகிவிடும். பல நிறத்தில் இருக்கும் கலவையான நாட்டுக்கோழிக் கூட்டத்தில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. அங்கே எல்லாமே ஆளுக்கொரு நிறம் என்பதால் யாரும் தனியாகத் தெரிவதில்லை.

இந்தக் குணமெல்லாம் காட்டிலிருந்து வந்தது. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. ஒரு சேவல், சில பெட்டைகள், குஞ்சுகள் என்று சிறு கூட்டமாக அது வாழும். அத்தனை பேரையும் முகம் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். (நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்குண்டு. பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு அதிலிருந்து வந்தது என்று 2008-ல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.) ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணையில் முகம் நினைவிருக்காது. அங்கே கோழிகள் வரிசை போடும் முயற்சியையே பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றன. புழக்கடையில் எட்டுப் பத்துக் கோழி என்பது காட்டுக் கூட்டத்தின் அளவு. அதனால் வரிசையின் முழு வேகமும் நம் வீட்டில்தான் தெரியும். பண்ணை வைத்திருப்பவரின் அனுபவம் இங்கே அப்படியே பொருந்தாது.

வரிசையை முடிவு செய்வதில் உடல் அளவுக்கும் வயதுக்கும் பெரும் பங்கு. தமிழ்நாட்டு நாட்டுக்கோழிகளில் சிறுவிடைப் பெட்டை ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ இருக்கும். பெருவிடைச் சேவல் நன்றாக வளர்ந்தால் 4 கிலோவைத் தாண்டும். இவை இரண்டையும் ஒரே பஞ்சாரத்தில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தீனி போடும்போது யார் முதலில் தின்பார் என்பதோடு விஷயம் நிற்பதில்லை. சேவல் மிதிக்கும்போது சிறுவிடையின் முதுகில் இறகு போய், தோல் கிழிந்து, அந்தக் காயத்தை மற்றக் கோழிகள் கொத்தத் தொடங்கும். ரத்தம் கண்ட கோழிகளை நிறுத்துவது கடினம். கூட்டத்தில் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் எடையில் ஒன்றுக்கு ஒன்றரை என்ற அளவுக்குள் இருந்தால் நல்லது என்பது என் கணக்கு. விஞ்ஞான விதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதை மீறினால் தொல்லை வரும்.

பெருவிடையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் முதல் முறை வளர்ப்பவர்கள் அதிகம் ஆசைப்படுவது அதற்குத்தான். அசில் குடும்பத்தைச் சேர்ந்த பறவை அது. நிமிர்ந்த நடை, பட்டாணி போன்ற சின்னக் கொண்டை, நீண்ட கால், இறுகிய சதை. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் அதைச் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்த்தார்கள். தோற்றும் ஓடாத சேவலுக்குத்தான் பெட்டையோடு சேர வாய்ப்பு. அப்படி வடிகட்டினால் என்ன மிஞ்சும்? மற்றக் கோழி இனங்களில் தோற்றது விலகினால் வென்றது விட்டுவிடும். அசிலில் இரு தரப்பிலும் அந்த விட்டுவிடும் குணம் குறைவு. வரிசை என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் இனம் அது. குஞ்சுகளே சில வார வயதில் ஒன்றையொன்று கண் வீங்கக் கொத்தும். சேவல்களை விடலைப் பருவத்திலேயே தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். பெட்டைகளும் சளைத்தவை அல்ல. விந்தை என்னவென்றால் இதே பறவை மனிதர் கையில் மிகச் சாதுவாக இருக்கும், மடியில் உட்காரும். இன்னொரு கோழியிடம் மட்டும்தான் அந்த வெறி. அடைகாப்பதிலும் குஞ்சைக் காப்பதிலும் பெருவிடைத் தாய் சிறந்தவள், பருந்தையே எதிர்த்துப் பறப்பாள். முட்டை மிகக் குறைவு. ஆக, பெருவிடை வேண்டுமென்றால் பெருவிடை மட்டும் வளருங்கள், இடம் இருந்தால். கலவைக் கூட்டத்துக்கு அது ஆகாது.

முட்டைக் கணக்கை மட்டும் பார்த்து ரகம் எடுப்பதிலும் ஒரு மறைமுக ஆபத்து உண்டு. அதை அழகாகக் காட்டியவர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மரபியலாளர் வில்லியம் மியூர். பண்ணை உலகம் வெகு காலமாக ஒரே வழியில் தேர்வு செய்துவந்தது: எந்தப் பெட்டை அதிகம் முட்டையிட்டதோ, அதன் வாரிசை எடு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் பல கோழிகள் ஒரே கூண்டில் இருக்கும்போது, அதிகம் முட்டையிட்டவள் பக்கத்தில் இருப்பவளை மிரட்டித் தீனியைப் பறித்து அதைச் செய்திருக்கலாம். அப்படிப்பட்டவளின் மகள்களை எல்லாம் ஒரே கூண்டில் அடைத்தால்? மியூர் முறையைத் திருப்பினார். ஒரே குடும்பத்துச் சகோதரிகளைக் கூண்டாக வைத்து, தனிக் கோழியை விட்டுவிட்டுக் கூண்டின் மொத்த முட்டையைக் கணக்கிட்டு, எந்தக் கூண்டு சிறந்ததோ அந்தக் கூண்டையே அடுத்த தலைமுறைக்கு எடுத்தார். அலகு வெட்டவில்லை. 1996-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி, இரண்டாம் தலைமுறையில் 68 சதவீதமாக இருந்த ஆண்டு இறப்பு நான்காம் தலைமுறையில் 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. முட்டையும் கூடியது. மருந்தோ புதுத் தீனியோ இல்லாமல், குணத்தைத் தேர்ந்தெடுத்ததாலேயே கிடைத்த லாபம்.

ஒரு கோழியின் முட்டை எண்ணிக்கை அந்தக் கோழிக்கு மட்டும் சொந்தமானது இல்லை, அதன் கூட்டாளிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதுதான் இதன் பொருள். ஆண்டுக்கு 300 முட்டை இடும் பண்ணை வெள்ளை லெகார்ன், அந்த 300-ஐக் கூண்டில், அளந்த தீனியில், விளக்கு வெளிச்சத்தில் இட்டது. அதை உங்கள் கொல்லையில் முரட்டுக் கோழிகளோடு விட்டுவிட்டு 300 எதிர்பார்ப்பது நடக்காது. முட்டைப் பண்ணைகளிலிருந்து கழித்துவிடும் கோழிகளை மலிவாக வாங்கி வந்து நாட்டுக்கோழியோடு விடுகிறவர்களும் உண்டு. அவற்றுக்கு அலகு வெட்டியிருக்கும். மண்ணைச் சீய்த்துப் பழக்கமில்லை, கீரியைக் கண்டால் ஓடவும் தெரியாது. திருப்பிக் கொத்த நுனி அலகு இல்லாத பறவை வரிசையில் எந்த இடத்துக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

சைக்கிளிலும் வேனிலும் பச்சை, ஊதா, ரோஜா நிறத்தில் வரும் கலர் குஞ்சுகள் இதைவிட மோசமான பேரம். முட்டையினக் குஞ்சுப் பொரிப்பகங்களில் சேவல் குஞ்சுக்கு உபயோகம் இல்லை. அது முட்டையும் இடாது, கறிக்கோழி போலச் சதையும் போடாது. அந்தச் சேவல் குஞ்சுகளில் பலதான் சாயம் பூசித் தெருவுக்கு வருகின்றன. பத்து வாங்கிப் பத்தும் பிழைத்தால் உங்களிடம் பத்துச் சேவல் இருக்கும். பிராய்லர் குஞ்சை வாங்கி 'மெதுவாக' வளர்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஆவதற்கென்றே உருவான உடல் அது. காலும் இதயமும் அந்த எடையைத் தாங்கி நெடுநாள் ஓடாது.

அப்படியானால் எதை எதோடு சேர்க்கலாம்? இங்கேதான் அடைகாக்கும் குணம் கணக்கில் வருகிறது. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். முட்டைகள் வயிற்றில் படும் உணர்வு மூளைக்குப் போக, புரோலாக்டின் என்ற ஹார்மோன் பெருகும். சினைப்பை சுருங்கும், முட்டை நின்றுபோகும், வயிற்று இறகு உதிர்ந்து தோல் சூடாகும். 21 நாள் அடை, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு அலைச்சல். ஆண்டில் மூன்று நாலு முறை இப்படிப் போனால் நாட்டுக்கோழியிடம் 60, 70 முட்டைக்கு மேல் எப்படி எதிர்பார்ப்பது? லெகார்ன் போன்ற முட்டை இனங்களிலோ இந்தத் தூண்டுதலையே பல தலைமுறைத் தேர்வில் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். அவை இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காது. அடையைக் கலைக்கச் சில ஊர்களில் கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் உண்டு. செருகும் வழி வெறும் சித்திரவதை. அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் நாலு நாள் வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுத்தாலே வயிற்றுச் சூடு தணிந்து அடை கலைந்துவிடும்.

இந்த இரண்டு குணத்தையும் எதிரெதிராகப் பார்க்காமல் ஒன்றுக்கொன்று துணையாகப் பார்த்தால் ஒரு நல்ல கூட்டம் அமையும். ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்ககம் புழக்கடைக்கென்றே உருவாக்கியவை கிராமப்பிரியாவும் வனராஜாவும். கிராமப்பிரியா முட்டைக்கு. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 200-ஐத் தாண்டும், வெறும் மேய்ச்சலில் அதைவிடக் குறையும். வனராஜா கறிக்கும் முட்டைக்கும், உடல் கனம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழிகளும் நாமக்கல் கோழியும் இதே நோக்கத்தில் வந்தவை. நிறம் கலந்த இறகு, ஓடியாடும் உடல், சண்டைக்குப் போகாத குணம். வெள்ளை நிறம் பருந்தின் கண்ணுக்கு எளிதில் படும் என்பதால் புழக்கடை ரகங்களுக்கு நிறமுள்ள இறகு வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

முதல் கூட்டத்துக்கு நான் சொல்வது சிறுவிடை நாலு, கிராமப்பிரியா அல்லது நாமக்கல் கோழி மூன்று நாலு. எடை வித்தியாசம் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். முட்டை கொடுக்கும் கை கிராமப்பிரியா, அடை உட்காரும் வயிறு சிறுவிடை. சிறுவிடை அடைக்கு உட்கார்ந்திருக்கும்போது ராத்திரியில் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை அதன் அடியில் மெல்ல வைத்துவிட்டால், விடியும்போது தன் குஞ்சாக ஏற்றுக்கொள்ளும். மின்விளக்கும் வேண்டாம், காவலும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கடந்த குஞ்சுகளிடம் இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது. அதற்குள் தாயும் குஞ்சும் தத்தம் அடையாளத்தைப் பதித்துக்கொண்டுவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கிராமப்பிரியா கலப்பில் பிறந்தது. அதன் முட்டையைப் பொரித்து எடுக்கும் குஞ்சுகள் தாயைப் போலவே முட்டையிடும் என்று நம்பக் கூடாது. மரபணுக்கள் மறுபடி கலைந்து, ஒன்று நன்றாகவும் ஒன்று சுமாராகவும் வரும். கூட்டம் பெருக வேண்டுமென்றால் சிறுவிடையின் முட்டையைப் பொரிக்க வையுங்கள், முட்டைக்கான ரகத்தைப் புதிதாக வாங்குங்கள்.

வனராஜாவைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தெருநாயும் கீரியும் இல்லாத, வேலி போட்ட இடமென்றால் சேர்க்கலாம். கனமான உடல், பறந்து மரமேறித் தப்பிக்காது. சிறுவிடை ராத்திரி முருங்கை மரத்தில் ஏறிவிடும், வனராஜா கீழேயே நிற்கும்.

கருங்கோழி என்கிற கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி. 2018-ல் புவிசார் குறியீடும் பெற்றது. தோல், சதை, எலும்புறை வரை கறுப்பாக இருப்பதற்குக் காரணம், நிறமிச் செல்கள் உடலெங்கும் பரவும்படி செய்யும் ஒரு மரபணு மாற்றம். அந்தக் கறுப்புக்கு மருந்துக் குணம் உண்டு என்ற விளம்பரத்தைத் தள்ளிவையுங்கள். கோழியாகப் பார்த்தால் அது மிரளும் சுபாவம் உள்ளது, அடைகாப்பதிலும் மந்தம். சிறுவிடையோடு குஞ்சிலிருந்தே வளர்ந்தால் ஒத்துப்போகும், பெரிதான பிறகு கொண்டுவந்து விட்டால் ஒதுங்கியே நிற்கும்.

சில்க்கியையும் தலையில் இறகுக் குடை உள்ள அலங்காரக் கோழிகளையும் இந்தக் கூட்டத்தில் விடவே வேண்டாம். சாதாரண இறகின் இழைகள் நுண் கொக்கிகளால் ஒன்றோடொன்று கோத்துத் தகடாக நிற்கும். சில்க்கிக்கு அந்தக் கொக்கிகள் சரியாக அமைவதில்லை. அதனால்தான் பஞ்சு போன்ற தோற்றம். அதனாலேயே அது பறக்காது, மழையில் ஊறிவிடும். ஐப்பசி மழையில் நனைந்த சில்க்கியைத் துண்டால் துவட்டிக்கொண்டிருக்க வேண்டும். இறகுக் குடைக் கோழிக்குக் கண்ணை இறகு மறைப்பதால் பக்கவாட்டில் வருகிற கொத்து தெரியாது. மேலே பார்த்தோமே, முகம்தான் அடையாளம் என்று. இவற்றின் முகமே வேறு. சில்க்கி அருமையான அடைக்கோழி என்பது உண்மைதான், ஆனால் அதைத் தன் இனத்தோடு தனிக் கூண்டில் வைத்துக் கொண்டாடுவதுதான் அதற்கு நீங்கள் செய்யும் மரியாதை.

வான்கோழியை நாட்டுக்கோழியோடு விடுவதில் குணத்தைவிட நோய்தான் பெரிய தடை. கோழியின் குடற்புழு முட்டைகளுக்குள் ஒளிந்து பரவும் ஓர் ஒற்றைச்செல் உயிரி உண்டு. கோழி பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். வான்கோழிக்கோ கல்லீரலைத் தாக்கிக் கொன்றுவிடும். கோழி மேய்ந்த மண்ணில் வெகு காலம் அந்தப் புழு முட்டைகள் உயிரோடு கிடக்கும். கின்னிக்கோழி நோயில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதன் கத்தலுக்கு அக்கம்பக்கத்தார் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நம் வெயிலையும் கணக்கில் எடுங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இரைப்பதாலும், கொண்டை, தாடி, கால் போன்ற இறகில்லாத இடங்கள் வழியாகவும்தான் சூட்டைக் கழிக்கும். கழுத்தில் இறகே இல்லாத நாட்டுக்கோழியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த மொட்டைக் கழுத்துக்குக் காரணமான மரபணு, ஒரு பிரதி இருந்தால் உடல் இறகில் ஏறத்தாழ 20 சதவீதத்தையும், இரண்டு பிரதி இருந்தால் 40 சதவீதத்தையும் குறைக்கிறது. சித்திரை வெயிலில் மற்றக் கோழிகள் தீனியை விட்டுவிட்டு இரைத்துக்கொண்டிருக்கும்போது அது மேய்ந்துகொண்டிருக்கும். அழகில்லை என்று தள்ளாதீர்கள். கிடைத்தால் இரண்டாக வாங்குங்கள், ஒற்றையாக வேண்டாம்.

சேவல் கட்டாயமில்லை. பெட்டைகள் சேவல் இல்லாமலே முட்டையிடும், அந்த முட்டை பொரியாது, அவ்வளவுதான். அடுக்ககத்திலும் நெருக்கமான தெருவிலும் இருப்பவர்கள் சேவலைத் தவிர்ப்பதே நல்லது. அதிகாலை நாலு மணிக்குக் கூவுவதைப் பக்கத்து வீட்டுக்காரர் ரசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. குஞ்சு வேண்டுமென்றால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நாலு பெட்டைக்கு இரண்டு சேவல் என்றால் பெட்டைகளின் முதுகு தாங்காது. சேவல் எப்போதும் கூட்டத்தின் பெட்டை ரகத்துக்கு ஒத்த உடல் அளவில் இருக்கட்டும்.

ரகம் எவ்வளவு பொருந்தினாலும் வயது பொருந்தாவிட்டால் எல்லாம் வீண். ஒரே வாரத்தில் பொரித்த குஞ்சுகளை ஒன்றாக வாங்கி ஒன்றாக வளர்ப்பதைவிடச் சிறந்த வழி கிடையாது. வரிசையை அவை விளையாட்டாகவே, அலகு முற்றுவதற்கு முன்பே முடித்துவிடும். வயது கலந்தால் தீனியும் சிக்கலாகும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் ஓட்டுக்காகக் கால்சியம் மூன்றரை, நாலு சதவீதம் இருக்கும். வளரும் குஞ்சுக்கு ஒரு சதவீத அளவே போதும், மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தைக் கொடுத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். தேவைப்படும் பெட்டை தேவைப்படும் அளவுக்குத் தானே கொத்திக்கொள்ளும். அந்த அறிவு அதன் உடலிலேயே இருக்கிறது.

பிறகு ஒருநாள் புதுக்கோழி வாங்கத்தான் செய்வீர்கள். அப்போது நேரே கூட்டத்தில் விடாமல் குறைந்தது மூன்று வாரம் தனியாக வைத்து, சளி, கழிச்சல் எதுவும் இல்லை என்று பாருங்கள். அப்புறம் ஒரு வாரம் கம்பி வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக முகம் பார்க்கவிடுங்கள். சேர்க்கும்போது ஒற்றை ஒற்றையாகச் சேர்க்காமல் இரண்டு மூன்றாகச் சேர்த்துவிடுங்கள். தீனித்தட்டும் தண்ணீர்த்தட்டும் இரண்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒளிந்துகொள்ள ஒரு சாய்த்த பலகை, நாலு வாழைமரம் இருந்தால் தோற்ற கோழி மானத்தோடு விலகிக்கொள்ளும். மூலையில் மாட்டிய கோழிக்குத்தான் உயிர் ஆபத்து.

இவ்வளவும் பார்த்துச் சேர்த்த கூட்டத்தை இரண்டே நாளில் துடைத்தெடுக்கும் ஒன்று உண்டு: ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சல். நம் நாட்டில் 1927-ல் இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். எந்த நாட்டு ரகமும் இதற்கு விலக்கு இல்லை. 'நாட்டுக்கோழிக்கு நோய் வராது' என்பது வெறும் பேச்சு. குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி. எட்டு வாரத்துக்கு முன் அந்த ஊசியைப் போடக் கூடாது, அது குஞ்சுக்குத் தாங்காது. குஞ்சு வாங்கும் முன்பே உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு நடை போய், தடுப்பூசி எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.